சவரி பேர் சொல்லிக் கட்டிய போர்வை

மழை விட்டால் பனி இறங்கும், பனி விலகினால் மழை பிடிக்கும், இரண்டுக்கும் நடுவே வெயில் எட்டிப் பார்த்தால் அதைப் பார்க்க ஊரே வாசலுக்கு வரும் என்கிற மாதிரியான மேல்பாறையில், மாதா கோயிலை ஒட்டிய பங்கு மண்டபத்தில், சனிக்கிழமை தோறும் பெண்கள் கூடித் தர்மத்துக்குப் போர்வை கட்டினார்கள். தைப்பதில்லை, கட்டுவதுதான். திருப்பூர் வியாபாரி ஒருவர் சும்மா அனுப்பி வைக்கும் பனியன் வெட்டுத் துணிகளை ஒட்டுப் போட்டு மேல்துணி, யாரோ உடுத்திக் கழித்த சேலை அடித்துணி, நடுவில் பிய்ந்த கம்பளியோ பழைய ஸ்வெட்டரோ கிடைத்தது எதுவோ அது, இப்படி மூன்றையும் அடுக்கி நீள மேசையில் விரித்து, சாணுக்கு ஒரு இடத்தில் கோணி ஊசியை மேலிருந்து இறக்கிக் கீழிருந்து வாங்கி, கம்பளி நூலை இழுத்து ஒரு முடிச்சு. அவ்வளவுதான் வேலை. அந்தப் போர்வைகள் பஸ் ஸ்டாண்டில் படுப்பவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் நாதியில்லாமல் கிடப்பவர்களுக்கும் போகும்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிரகாசி அம்மாள் கொண்டுவந்த வழக்கம் அது. ஒவ்வொரு முடிச்சை இறுக்கும்போதும் ஒரு ஆளின் பேரை மனதுக்குள் சொல்ல வேண்டும், அந்த ஆள் நன்றாக இருக்கட்டும் என்று. பரீட்சை எழுதும் பிள்ளை பேர், குடிக்கிற புருஷன் பேர், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகள் பேர் என்று ஆளுக்கொரு பேர் வைத்திருந்தார்கள். ஒருத்தி சினையாக இருந்த தன் ஆட்டின் பேரைச் சொல்லிக் கட்டிவிட்டாள் என்று தெரிந்து, ஆடு கணக்கில் சேருமா சேராதா என்று ஒரு சனிக்கிழமை முழுவதும் பேச்சாகி, கடைசியில் சேரும் என்று முடிவானது.

அந்தப் பெண்களுக்கு நடுவில் ஒரே ஒரு ஆண், இஞ்ஞாசி. ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், ரெண்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவர். பெண்கள் போட்ட முடிச்சுகள் துவைத்தால் நெகிழ்ந்துபோகின்றன என்று பிரகாசி அம்மாள்தான் அவரைக் கூட்டி வந்தாள், தார்ப்பாய் கட்டிப் பழகிய கை என்று. சர்க்கரை வியாதியில் அவருடைய விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. ஊசி குத்தினால் தெரியாது. துணியில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்து, பக்கத்தில் இருப்பவள் சொன்ன பிறகுதான் விரலைப் பார்ப்பார், வேறு யாருடைய விரலையோ பார்க்கிற மாதிரி.

அவர் சொன்ன பேர் சவரி. எல்லா முடிச்சுக்கும் அதே பேர். சவரி அவருடைய கூடப்பிறந்த தம்பி, இவர் குடியிருந்த மேட்டுத் தெருவின் கீழ்க்கோடியில் இருந்தான், அவனோடு இஞ்ஞாசி பேசி எத்தனையோ மழைக்காலம் ஆகியிருந்தது.

காரணம் ஊருக்குத் தெரியும், ஆனால் ஊர் மறந்துவிட்டது, மறப்பது ஊருக்கு வசதி. இஞ்ஞாசி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தபோது அவர் அப்பா இறந்துபோனார். எதிரே வந்த லாரிக்காரன் ஒரு செக்போஸ்ட்டில் சேதி சொல்ல, லோடை இறக்காமல் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு, சோறும் தூக்கமும் இல்லாமல் மலையேறி வந்து சேர்ந்தால், புதைத்து மறுநாள் ஆகியிருந்தது. மூத்த மகன் மண் போடவில்லை, முகம் பார்க்கவில்லை. மழை அண்ணே, என்றான் சவரி. மழையாம். மேல்பாறையில் மழை பெய்யாத நாள் எது, அந்த ஊரில் ஒருவனும் மழைக்காக ஒரு வேலையை முன்னே இழுத்ததும் இல்லை, பின்னே தள்ளிப் போட்டதும் இல்லை. அன்றைக்கு முகத்தைத் திருப்பியவர்தான் இஞ்ஞாசி. அதன்பிறகு சவரி எதிரே வந்தால் அவர் வேறு பக்கம் திரும்பிவிடுவார், சவரி உட்காருகிற பக்கத்தில் கோயிலில் உட்காரமாட்டார். சவரி பெண்டாட்டி செத்தபோது கல்லறைக்குப் போய் மூன்று பிடி மண்ணைப் போட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமலே வந்தார். வந்து கேட்கட்டும், என் வாசலில் நின்று, அண்ணே நான் செய்தது தப்பு என்று கேட்கட்டும் என்று இருந்தார். சவரி வரவில்லை.

இப்படியாக முழுக்க முழுக்க இஞ்ஞாசி கட்டிய ஒரு போர்வை, சாம்பலும் மஞ்சளுமான கட்டம் போட்டது, பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கும் சுடலைக்குப் போனது. சுடலை அதைப் போர்த்திப் படுத்து, விடிந்ததும் எழுந்து, பீடிகூடப் பற்றவைக்காமல் மேட்டுத் தெரு ஏறிவந்து, இஞ்ஞாசி வீட்டுப் பச்சைக் கதவைத் தட்டி, அவர் திறந்ததும் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்.

"அண்ணே, நீ வர்றதுக்குள்ள அப்பாவ எடுத்துட்டோம். ஒரு நாள் காத்திருந்திருக்கணும். மன்னிச்சிருண்ணே."

சொல்லிவிட்டு ஒரு சுமையை இறக்கி வைத்த மாதிரி தோளை உருட்டிக்கொண்டு, அலவியின் டீக்கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். எதற்காகப் போனான் என்று கேட்டதற்கு, போகணும் போல இருந்துச்சு போனேன், அதுல என்ன இருக்கு என்றான். இஞ்ஞாசி கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை, பல் துலக்கப் போனார்.

அடுத்து, தனக்குக் காய்ச்சல் என்று சுடலையிடம் போர்வையை வாங்கிப் போர்த்திய பூக்காரி வந்தாள், அவளுக்கு இஞ்ஞாசியைவிட வயது அதிகம், அவளும் அண்ணே என்றாள். அடுத்து பஸ் ஸ்டாண்டில் காவல் பார்த்த கான்ஸ்டபிள் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து அதையே சொன்னார். பிறகு லாட்ஜில் கம்பளி போதாமல் அந்தப் போர்வை கொடுக்கப்பட்ட, கல்யாணமாகி மலை பார்க்க வந்த சேலத்துப் பையன், குரங்குக் குல்லாயோடு வந்து, புதுப்பெண்டாட்டி வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்க, அண்ணே, அப்பாவ எடுத்துட்டோம் என்றான்.

பிரகாசி அம்மாளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. மண்டபத்தில் மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டாள்.

"யார் பேரச் சொல்லிக் கட்டினீங்க?"

"சவரி பேரு."

"எல்லா முடிச்சுக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"நல்லா இருக்கட்டும்னா சொன்னீங்க?"

இஞ்ஞாசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். போர்வையைப் பிரித்துவிடலாமா என்று கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது, ஆனால் இஞ்ஞாசியின் முடிச்சு பிரிகிற முடிச்சு இல்லை, தர்மத்துக்குக் கொடுத்ததைக் கத்தரிக்கோலால் வெட்டுவதும் நன்றாக இல்லை. தவிரவும் அந்தப் போர்வை நல்ல கதகதப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். குளிருக்குத்தானே போர்வை, காலையில் எழுந்து ஒரு மேடு ஏறுவதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டார்கள்.

ஊர் அதைத் தன் வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. தண்ணீர் வருகிற நாள், ரேஷனில் சர்க்கரை போடுகிற நாள் என்று தெரிந்து வைத்திருப்பதுபோல, போர்வை இன்று யார் வீட்டில் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். அலவி தன் டீக்கடை பெஞ்சைப் பச்சைக் கதவு தெரிகிற பக்கமாகத் திருப்பிப் போட்டான். விடிந்தால் பெஞ்சில் இடம் பிடித்துக்கொண்டு, இன்னைக்கு யாருப்பா தம்பி என்று கேட்டுக்கொள்வார்கள். தம்பி மேடேறி வருவார், சொல்வார், இறங்குவார், அவருக்கு ஒரு டீ யாராவது வாங்கிக் கொடுப்பார்கள். தன் சொந்த விஷயத்தில் யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தும் வாய் வராதவர்கள், பிரகாசி அம்மாளிடம் கேட்டு அந்தப் போர்வையை வாங்கிப்போக ஆரம்பித்தார்கள். அடுத்தவன் தப்புக்கு ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுவிட்டால், தன் தப்புக்குக் கேட்பது சுலபமாகிறது என்றார்கள். மாமியாரும் மருமகளும் பேசினார்கள், எல்லைக்கல் தகராறு ஒன்று தீர்ந்தது. பங்குச் சாமியார் அதைப் பற்றிப் பிரசங்கத்தில் நல்லதாகவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை, ஆனால் சாம்பல் புதன் விடிகாலையில் வெள்ளை அங்கியோடு மேடேறி வந்தவர் அவர்தான் என்று பெஞ்சில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

இஞ்ஞாசி கதவைத் திறப்பார், கேட்பார், சாத்துவார். முதலில் அந்த வார்த்தைகள் காதில் விழுந்தபோது நெஞ்சில் ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தார், இத்தனை வருஷமாக எதற்குக் காத்திருந்தாரோ அதுதானே அது, ஆனால் ஒன்றும் ஆகவில்லை. விரல் மரத்ததுபோல உள்ளேயும் மரத்திருந்தது. நாள் ஆக ஆக, அது ரேடியோவில் வரும் சந்தை நிலவரம் மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் ஒன்று இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அதே வார்த்தையைச் சொன்னாலும், ஒவ்வொருவரும் கடைசியில் ஒரு துணுக்குச் சேர்த்துச் சொன்னார்கள், அது இஞ்ஞாசிக்கே தெரியாத துணுக்காக இருந்தது. குழியில தண்ணி ஊறிட்டே இருந்துச்சு அண்ணே, வாளியில மொண்டு மொண்டு ஊத்தினோம் என்றாள் பூக்காரி. வெள்ளைச் சட்டை கிடைக்கல, உன்னோட கல்யாணச் சட்டையத்தான் போட்டு விட்டோம் என்றார் கான்ஸ்டபிள். பெட்டிக்கு மேல ஆறு பேரு குடை பிடிச்சோம், காத்து ரெண்டு குடைய மடக்கிருச்சு என்றான் குரங்குக் குல்லாய்ப் பையன். லாரி லைட்டு தெரியுதான்னு வளைவுல போய்ப் போய்ப் பார்த்துட்டு வந்தேன் அண்ணே என்றார் சாமியார், கண்ணாடியில் மழைத்துளி வழிய.

இப்படித் துண்டு துண்டாக, ஊரின் ஒவ்வொரு வாயிலிருந்தும், இஞ்ஞாசி போகாத சாவு அவர் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. யார் மணி அடித்தது, யார் அழுதது, யார் அழாமல் நின்றது, மண் போடும்போது சரிந்த கரை, எல்லாம் வந்தது. வராதது ஒன்றுதான். முகம் எப்படி இருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார்களோ என்னவோ. ஆனால் கேட்டால் பேசியது போல ஆகும், அவர்களிடம் பேசினால் சவரியிடம் பேசியது போல ஆகும், அதனால் இஞ்ஞாசி கேட்கவில்லை. அடுத்தவர் சொல்வார் என்று அடுத்த விடியலுக்குக் காத்திருந்தார்.

அந்த வருஷம் ஆடி பிறக்கும் முன்பே சவரிக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்து, ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவனுக்கு ஒரே மகன், பெர்க்மான்ஸ், மஸ்கட்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். பிரகாசி அம்மாள் இஞ்ஞாசியிடம் வந்து, போர்வையை இந்த வாரம் சவரிக்குக் கொடுக்கப் போகிறேன் என்றாள்.

"குடுக்காதீங்க" என்றார் இஞ்ஞாசி. "போர்வை சொல்லி அவன் வரவேண்டாம். அவனா வரணும்."

"வர்றதுக்கு இல்லண்ணே. குளிருதுங்கிறாரு, அதுக்குத்தான். குளிருதுன்னு சொல்றவருக்குக் குடுக்கக் கூடாதுன்னா இந்த மண்டபத்த எதுக்குத் திறந்து வச்சிருக்கோம்?"

கொடுத்துவிட்டாள். மறுநாள் காலை பெஞ்சில் உட்கார இடமில்லை, நின்றுகொண்டு டீ குடித்தார்கள். பச்சைக் கதவு தட்டாமலே திறந்திருந்தது, இஞ்ஞாசி சட்டை போட்டுக்கொண்டு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நடக்க முடியாதவன் எப்படி வருவான், சொல்லியாவது விட்டிருக்கலாம் இல்லையா என்று பெஞ்சில் பேச்சு. அலவிதான் கிளாஸைக் கழுவிக்கொண்டே ஒன்று சொன்னான்.

"அவன் வாயில கிடந்த வார்த்தையத்தான் ஊரெல்லாம் எடுத்து எடுத்துச் செலவு பண்ணிட்டீங்க. அவனுக்கு மிச்சம் எங்க இருக்கு?"

இஞ்ஞாசி குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். போர்வை மண்டபத்துச் சொத்து, வாங்கி வரப்போகிறேன் என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சவரி அந்தச் சாம்பலும் மஞ்சளுமான கட்டங்களுக்குள் கழுத்துவரை புதைந்து கிடந்தான். தாடி வளர்ந்திருந்தது. அண்ணனைப் பார்த்ததும் எழப் பார்த்து, முடியாமல், படுத்தபடியே கேட்டான்.

"சாப்பிட்டியாண்ணே?"

இஞ்ஞாசி காத்திருந்தார். நர்ஸ் வந்து போனாள், பக்கத்துக் கட்டிலுக்குக் கஞ்சி வந்தது, ஜன்னலில் பனி ஏறி மலை மறைந்தது. சவரி நல்லாத் தூக்கம் வருது இதுல என்று போர்வையைத் தடவிக் காட்டினான், அவ்வளவுதான்.

"சாப்பிட்டேன்" என்றார் இஞ்ஞாசி.

போர்வையை வாங்காமல் வந்துவிட்டார். நாளைக்குப் போய்க் கேட்கலாம் என்று நினைத்தார். போர்வையைக் கேட்பதா, முகத்தைக் கேட்பதா என்று அவரே தீர்மானிக்கவில்லை.

மறுநாள் வானம் கிழிந்துகொண்டது. மேல்பாறைக்காரர்களே மழை என்று சொல்கிற மழை. கரண்ட் போனது, செல்போன் கோபுரம் சாய்ந்தது, கொண்டை ஊசி வளைவுகளில் மண் சரிந்து மலைப்பாதை அடைத்தது. அந்த மழைக்குள் சவரியின் மூச்சு நின்றது. அப்பாவுக்கு முடியவில்லை என்று முன்னமே மகன் விமானம் ஏறியிருந்தான், அடிவாரம் வந்துவிட்டான் என்பது வரைக்கும் போலீஸ் வயர்லெஸ்ஸில் சேதி வந்தது. ஐஸ் பெட்டியும் அடிவாரத்திலிருந்துதான் வரவேண்டும். மகனும் பெட்டியும் மண்சரிவுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள், சவரி இந்தப் பக்கம் கிடந்தான்.

சொந்தத்தில் மூத்தவர் இஞ்ஞாசிதான் என்று சவரி வீட்டில் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். தாடியோடு அனுப்பக் கூடாது என்று ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் சவரக் கத்தியும் கொண்டுவந்து வைத்தார்கள். நாவிதர் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், ஓடை தாண்ட முடியாது. இஞ்ஞாசி சோப்பு நுரையைத் தடவி, மரத்த விரல்களால் தம்பியின் கன்னத்தை இழுத்துப் பிடித்துச் சவரம் செய்தார். பிடிமானம் தெரியாத கை, இடது தாடையில் லேசாக வெட்டிவிட்டது. ரத்தம் வரவில்லை. நுரையைத் துடைத்தபோது, தாடிக்குள் இருந்த முகம் வெளியே வந்தது, ஒடுங்கிய கன்னமும் மேலே தூக்கிய மூக்குமாக, அது அப்பாவுடைய முகம். இஞ்ஞாசி பார்த்தார். இவ்வளவு காலம் யாரும் கொண்டுவந்து தராதது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அழுகை வருமா என்று ஒரு கணம் இருந்து பார்த்தார். வரவில்லை. ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

மறுநாள் மாலைக்குள், குழி வெட்டியவர்கள் வந்து சொன்னார்கள், தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது, கரை நிற்காது, இன்னும் வைத்திருந்தால் குழியும் போகும், உடம்பும் தாங்காது என்று. எல்லோரும் இஞ்ஞாசியைப் பார்த்தார்கள். அவர் குடையை எடுத்துக்கொண்டு வளைவு வரைக்கும் போனார், கீழே எங்காவது வெளிச்சம் ஏறி வருகிறதா என்று பார்த்தார், வந்தார். மறுபடியும் போனார், வந்தார். மறுபடியும் போனார். பனிக்குள் ஒன்றும் தெரியவில்லை. ஊர் காத்திருந்தது, வாளியில் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தது.

"எடுத்துரலாம்" என்றார் இஞ்ஞாசி.

போர்வையைச் சவரி மேல் போர்த்தியே பெட்டியை மூடினார்கள். மண்டபத்துச் சொத்தாயிற்றே என்று ஒருத்தி இழுத்தாள், பிரகாசி அம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். மூன்று பிடி மண் போட்டபோது மண் இல்லை, சேறு.

பெர்க்மான்ஸ் மறுநாள் மதியம், சரிவை நடந்தே தாண்டி, முழங்கால்வரை சேறோடு வந்து சேர்ந்தான். கல்லறைக்குப் போனான், பார்த்தான், வந்தான். யார் எடுக்கச் சொன்னது என்று மட்டும் கேட்டான். சொன்னார்கள். பெரியப்பா என்று அவன் கூப்பிடவில்லை, அவர் இருந்த பக்கம் திரும்பவும் இல்லை, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சாத்திய விதத்தை இஞ்ஞாசி பார்த்தார். அது அவருக்குத் தெரிந்த விதம்தான். இன்னொரு வாழ்நாள் முழுக்க அந்தக் கதவு அப்படியே இருக்க முடியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அடுத்த விடியலில் மழை விட்டிருந்தது. அலவி அடுப்பு மூட்டிவிட்டு, போர்வை மண்ணுக்குள் போய்விட்டது, இனி யார் வரப்போகிறார்கள் என்று பெஞ்சைப் பழைய பக்கமே திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். அப்போது பச்சைக் கதவு திறந்தது. இஞ்ஞாசி வெளியே வந்தார், தெருவில் இறங்கினார், கீழ்க்கோடியை நோக்கி நடந்தார். எந்தப் போர்வையும் போர்த்தவில்லை, ராத்திரி முழுக்கத் தூங்கவும் இல்லை. அலவி பெஞ்சைப் பாதியில் விட்டுவிட்டு நின்று பார்த்தான்.

சவரி வீட்டுப் படிக்குக் கீழே நின்று இஞ்ஞாசி கதவைத் தட்டினார். திறக்கவில்லை. உள்ளே ஆள் கதவுக்குப் பக்கத்திலேயே இருப்பது தெரிந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"தம்பி, நீ வர்றதுக்குள்ள அப்பாவ எடுத்துட்டோம். ஒரு நாள் காத்திருந்திருக்கணும். மன்னிச்சிருப்பா."

எத்தனையோ வாயில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த வார்த்தைகள். தன் வாயில் அவை புதிதாக ஒன்றும் ஆகவில்லை. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் பாதத்தில் விழுந்தது, அதுவும் தெரியவில்லை. குழியில் தண்ணீர் ஊறியதைச் சொன்னார், வாளியில் மொண்டதைச் சொன்னார், வளைவில் போய்ப் போய்ப் பார்த்ததைச் சொன்னார். சொல்ல வேறு எதுவும் இல்லாமல் போனதும் திரும்பி நடக்கப் போனார்.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, திறக்காமலே, அவன் கேட்டான்.

"முகம் எப்படி இருந்துச்சு?"

இஞ்ஞாசி நின்றார்.

"நான்தான் சவரம் பண்ணி விட்டேன். இடது தாடையில லேசா வெட்டிருச்சு, ரத்தம் வரல" என்றார். "அப்புறம் துடைச்சுப் பார்த்தேன். உங்க தாத்தா மாதிரியே இருந்துச்சு."